நீ பழுது என்று எழுதிவைத்த டிஸ்க்

போன மாதம் என் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, நீ வைத்துவிட்டுப் போன வெள்ளி நிற உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு டிஸ்க், சர்வருக்குள் அது உட்காரும் ட்ரேயோடு அப்படியே இருந்தது. ட்ரேயின் முகப்பில் இருக்கும் சின்னத் துளைகளில் காய்ந்துபோன சந்தனம். மூக்கருகே கொண்டுபோனேன். மூன்று வருடத்துக்குப் பிறகும் லேசாக மணத்தது. உறையின் மேல் கறுப்பு மார்க்கரில் உன் சாய்ந்த கையெழுத்து: "பழுது. வெளியே கொடுக்கக் கூடாது. தூக்கிப் போடவும் கூடாது."

பழுதானதை ஏன் தூக்கிப் போடக் கூடாது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், உன்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. காய்ச்சல் என்று லீவு போட்டாய். பதினோராம் நாள் உன்னை உன் ஊர் பேரிகைக்கு, உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அலுவலக வாட்ஸாப் குழுவில் உன் படத்தைப் போட்டு ஆளுக்கு இரண்டு வரி எழுதினார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் நீ இருந்தபோது உன் போனை எடுத்தார்கள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுதி ஓய்ந்த பிறகு இப்போது தாமதமாக எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியாத ஒன்றை அந்த உறைக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நம் சர்வர் கிழடாகிவிட்டது. சிப்காட்டில் நம்மைப் போல் தகடு அழுத்தி உதிரிபாகம் செய்யும் சின்ன பிரஸ் கம்பெனிக்கு அது ஒன்றுதான். அச்சு டைகளின் வரைபடங்கள், தர ஆய்வு அறிக்கைகள், வண்டியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒட்டும் லேபிள், எல்லாம் அதற்குள். அது நின்றால் அரை மணியில் டிஸ்பாட்ச் நிற்கும், ஒரு ஷிஃப்டில் லைன் நிற்கும். புதிதாக டிஸ்க் அடுக்கு வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று முனிராஜ் சார் என்னிடம் சொன்னார். நம் மேனேஜர் இப்படி "நீங்களே" என்று சொல்லும்போதெல்லாம் நீ என் காதில் சொல்வாய்: "ஏமே, இது மரியாதை இல்லடி. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் பேரைச் சொல்றதுக்கு."

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. நான் கிருஷ்ணகிரி கல்லூரியில் படித்தவள். நீ தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, தமிழில் சண்டை போடுகிறவள். என்னை "ஏமே" என்றுதான் கூப்பிடுவாய், எதிரே நிற்கிற பெண்ணை உன் வீட்டில் கூப்பிடுவது போல. நான் இயல்பிலேயே சந்தேகக்காரி கிடையாது. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். தண்ணீரில் கழிவு நுரை வெள்ளை வெள்ளையாக மிதந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. "பாருடி, ஊட்டி மாதிரி இருக்காம். பக்கத்துல போய் மூக்க வெச்சுப் பாருங்கன்னு சொல்லட்டா?" என்றாய். சொல்லியும் விட்டாய். அந்தப் பையன் கோபித்துக்கொண்டான், அந்தப் பெண் மட்டும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நின்றாள்.

சர்வர் அறையிலும் நீ அப்படித்தான். "பச்சை லைட் எரியுதுன்னா, லைட் எரியுதுன்னு மட்டும்தான் அர்த்தம்" என்பாய். புது டிஸ்க் என்று யாராவது கொண்டுவந்தால் சீல் உடைக்கும் முன்பே, "இது எத்தன மணி நேரம் ஓடியிருக்கு?" என்று கேட்பாய். ஓடிய நேரத்தை டிஸ்க் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும் என்பதைக் கேள்விப்பட்டதும் விற்க வந்தவரின் முகம் மாறுகிறதா என்று பார்ப்பாய். ஒருவருக்கு மாறவும் செய்தது.

குழந்தை பிறந்த பிறகு உன்னுடைய சந்தேகம் எனக்குள் குட்டி போட்டுவிட்டது. மகளைப் பிளே ஸ்கூலில் சேர்க்கப் போனபோது சுவரில் இருந்த கேமராவைக் காட்டி, "இதுல பதிவாகறது எங்க போகுது, எத்தன நாள் இருக்கும்?" என்று கேட்டேன். மிஸ் சிரித்தார். "மேடம், கேமரா ஓடுது பாருங்க, லைட் எரியுது." வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், "நீ அட்மிஷனுக்கு வந்தியா, ஆடிட்டுக்கு வந்தியா?" என்றார். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தால் திரும்பி வரும் டப்பாவைத் திறந்து, அவள் சாப்பிட்டாளா, யாராவது கொட்டினார்களா என்று ஓரங்களைப் பார்க்கிறேன். எதிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அப்படிப்பட்டவளிடம்தான் பெங்களூரிலிருந்து ஹரீஷ் வந்தார், டிஸ்க் அடுக்கு விற்க. நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. நான்கு பெரிய டிஸ்க்குகள், சேர்த்து ஒன்றுபோல் வேலை செய்யும், ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று விளக்கினார். நான்கும் ஒரே பெட்டியில், ஒரே நாளில் தயாரான ஒரே லாட். "இந்த அடுக்கு இருக்கும்போது தனியா பேக்கப் எதுக்கு மேடம்?" என்றார். அந்த வாக்கியத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"ஒரே லாட் வேண்டாம். ஒண்ணா பொறந்தது ஒண்ணா சாகும்" என்றேன். அது நீ சொன்னது.

"அப்படியெல்லாம் நடக்காது மேடம். எங்க நடந்திருக்கு?"

"இங்கேயே நடந்திருக்கு. மூணு வருஷம் முன்னாடி ரெண்டு டிஸ்க் அரை மணி வித்தியாசத்துல போச்சு."

முனிராஜ் சார் தலையாட்டினார். "ஆமாப்பா. அந்தப் பொண்ணு இருந்தப்ப நடந்துச்சு. பாவம், நல்ல பொண்ணு. அந்த ஒரு விஷயத்துலதான் அஜாக்கிரதையா இருந்துட்டா."

உன்னைப் பற்றி இந்தக் கம்பெனியில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம். ஏழு வருடம் வேலை பார்த்தாய். உன் நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது, அஜாக்கிரதையா இருந்துட்டா.

ஹரீஷ் விடவில்லை. "செத்த டிஸ்கோட ரிப்போர்ட் இருந்தா காட்டுங்க மேடம். ரெண்டும் ஒரே லாட்ல போச்சுன்னு தெரிஞ்சா நானே லாட் மாத்தித் தர்றேன்."

அதற்காகத்தான் இழுப்பறையைத் திறந்தேன். உன் பெயருக்கு ஆதாரம் தேடி.

அந்த நாள் எனக்குத் துண்டு துண்டாக ஞாபகம் இருந்தது. ஆயுத பூஜைக்காக மெயினை அணைத்துவிட்டு எல்லா பிரஸ்ஸையும் கழுவினார்கள். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தார்கள். மெயின்டெனன்ஸ் கோவிந்தண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் அறைக்கும் வந்தார். வருடக்கணக்காக நிற்காமல் ஓடிய சர்வரை அன்று நிறுத்தியிருந்தோம். நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போட்டவள் நீ. கோவிந்தண்ணன் பக்திமான். வெளிக் கதவில் ஒரு பொட்டு வைத்தால் போதாது என்று கதவைத் திறந்து, நான்கு ட்ரேயின் முகத்திலும் பட்டையாகச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தார். ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு குட்டி விளக்கு இருக்கும். நல்லா இருந்தால் பச்சை, பழுதானால் மஞ்சள். நான்கு விளக்கும் சந்தனத்துக்குள் போய்விட்டன. நாம் இருவரும் பொரி தின்றுகொண்டு நின்றோம். அழகாக இருக்கிறது என்று நான் போட்டோகூட எடுத்தேன்.

லீவு முடிந்து காலையில் சர்வரைப் போட்டதும் ஒரு டிஸ்க் எழுந்திருக்கவில்லை. நெடுநாள் ஓடிய டிஸ்க்குகளை நிறுத்தினால் சில நேரம் அப்படித்தான். திரையில் "டிஸ்க் 2 செயலிழந்தது" என்று வந்தது. மற்ற மூன்றும் தாங்கிக்கொண்டு ஓடின. நீ டூல் ரூமில் இருந்தாய். எனக்கு ஏழாம் மாதம். குனியாதே, நான் வந்து மாத்தறேன் என்று போனில் சொன்னாய். ஆனால் லேபிள் மெதுவாக வருகிறது என்று டிஸ்பாட்சிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டார்கள். முனிராஜ் சாரும் கூப்பிட்டு, "முடியலன்னா சொல்லிடுங்கம்மா" என்றார். என் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. "டெலிவரிக்கு அப்புறம் வருவீங்களாம்மா?" என்று அதற்கு முந்தின வாரம்தான் கேட்டிருந்தார். முடியாது என்று எப்படிச் சொல்வேன்?

மஞ்சள் விளக்கு எது என்று பார்த்தேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. துப்பட்டாவால் தேய்த்தேன், குங்குமம் பரவி நான்கும் ஒரே சிவப்பாயின. ட்ரேயின் தலையில் நாம் ஒட்டிய ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டை இழுத்தேன்.

சர்வர் நீளமாகக் கத்தியது. நீ படியேறி ஓடி வந்தாய். என் கையிலிருந்த ட்ரேயைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய். "நீ போய் உக்காரு" என்றாய். அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "நீ எடுத்தது சரியான டிஸ்குதான்டி. அதே நேரத்துல பக்கத்து டிஸ்கும் போயிடுச்சு. ஒரே லாட். நம்ம நேரம்." பூஜைக்கு முந்தின வாரம் நீ எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாய். ஆறு நாள் ஆய்வு அறிக்கைகள் மட்டும் போயின. அவற்றைப் பேப்பரைப் பார்த்து லைன் பெண்கள் நாலு பேரும் நீயும் திரும்ப அடித்தீர்கள். என்னை அதற்கும் விடவில்லை.

உனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சரிபார்க்காமல் சர்வரை நிறுத்தியது, மாற்று ஏற்பாடு செய்யாதது, கவனக்குறைவு. அந்த வருடம் உன்னை இன்சார்ஜ் ஆக்குவதாக இருந்தார்கள், ஆக்கவில்லை. நான் உன்னை கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். "அவங்க வாங்கின டிஸ்க் சரியில்ல, அதுக்கு உன்ன சொல்றாங்க பாரு" என்று முனிராஜ் சாரைத் திட்டினேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். இப்போது யோசித்தால் உன் முகத்தில் சிரிப்பு இருந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது.

போன மாதத்துக்கு வருகிறேன். அந்த டிஸ்க்கைச் சோதனைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன், எவ்வளவு மோசமாகச் செத்திருக்கிறது என்று அச்சடித்து ஹரீஷின் முன் போடலாம் என்ற ஆசையில். அது மெல்ல முனகி, சீராகச் சுற்ற ஆரம்பித்தது. தன் குறிப்பைக் காட்டியது. பழுதான இடம்: பூஜ்யம். படிக்க முடியாத இடம்: பூஜ்யம். கம்ப்யூட்டரை நம்பாமல் கேபிளை மாற்றினேன். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். கடைசியில் டிஸ்க்கை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படிக்கவைக்கும் முழுச் சோதனையைப் போட்டுவிட்டு நாள் முழுவதும் அதன் முன் உட்கார்ந்திருந்தேன். மாலை ஷிஃப்ட் சங்கு ஊதும்போது முடிந்தது. ஒரு குறையும் இல்லை. மூன்று வருடமாகப் பழுது என்ற பெயரோடு இருட்டில் கிடந்த டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அப்புறம்தான் உன் பழைய நகல்களில் அந்தத் தேதிப் பெயருள்ள கோப்புறையைத் தேடினேன். சர்வர் தானாக எழுதும் நிகழ்ச்சிக் குறிப்பை எடுத்து வைத்திருந்தாய். எனக்கு வேண்டியது இரண்டே வரி. டிஸ்க் 2, செயலிழந்தது, ஒன்பது பத்து. டிஸ்க் 1, அகற்றப்பட்டது, ஒன்பது நாற்பத்திரண்டு.

அகற்றப்பட்டது. டிஸ்க் தானாக எழுந்து வெளியே வராது.

சர்வர் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. அது இரண்டு என்று சொன்னது மூன்றாவது ட்ரேயை. நாம் ஒன்றிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். நான் இரண்டு என்று எழுதியிருந்த, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ட்ரேயை இழுத்துவிட்டேன். ஒன்று போனால் தாங்கும் அமைப்பில் இரண்டாவதை என் கையால் எடுத்தேன். லாட்டும் இல்லை, நேரமும் இல்லை, நான்.

அதன் பிறகு எல்லாம் கோவையாக வந்தது. செத்த டிஸ்க்கை வாரன்டிக்கு அனுப்பினாய். இதை மட்டும், கஸ்டமர் வரைபடம் இருக்கிறது, வெளியே கொடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டாய். அனுப்பியிருந்தால் அவர்கள் சோதித்துப் பார்த்து, இது நன்றாக இருக்கிறதே என்று எழுதியிருப்பார்கள். அந்த வாரமே எல்லா ட்ரேயின் ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஒட்டினாய். நான் கிண்டல் செய்தேன், "ஏன்டி, உன் வீட்டுல முதல் பிள்ளைய ஜீரோன்னு கூப்பிடுவாங்களா?" என்று. "சும்னிரு" என்றாய் கன்னடத்தில், பேசாமல் இரு என்று. உனக்கு ஆத்திரம் வந்தால் கன்னடம் வரும். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது நன்றி என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. பச்சை விளக்கையும் விற்பவனின் சிரிப்பையும் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தவள், நான் உண்மையைத் தாங்க மாட்டேன் என்று நீயாகவே முடிவு செய்திருக்கிறாய். என்னிடம் கேட்காமல். ஏழு மாத வயிறு, முடியப்போகும் கான்ட்ராக்ட், எல்லாம் சரி. பிள்ளை பிறந்து, நான் திரும்பி வந்து, உன் எதிரே ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தேனே. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. உன் பொய்யை நான் உண்மை என்று நம்பி, அதை வைத்து ஊரையே சந்தேகப்பட்டேன். ஹரீஷிடம் அத்தனை திமிராகப் பேசினேன். ஒரே லாட், ஒரே லாட் என்று நான் லாட்டைத் துரத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஆபத்து என் தோளில், என் கையாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு சந்தேகமும் வந்தது. தூக்கிப் போடக் கூடாது என்று ஏன் எழுதினாய்? என்றாவது நானே கண்டுபிடிக்கட்டும் என்றா? இல்லை, தேவைப்பட்டால் உன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த ஆதாரமா? இரண்டாவதாக இருந்தால் எனக்கு நிம்மதி. அவ்வளவு நல்லவளாக நீ இருந்திருக்க வேண்டாம்.

நான்கு நாள் யோசித்தேன். பேசாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. டிஸ்க்கை மறுபடி உறையில் போட்டு, ரிப்போர்ட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். எழுதினால், இன்சார்ஜ் என்று இப்போதுதான் போட்ட பெயர்ப் பலகைக்குக் கீழே என் தவறு வரும். எழுதாவிட்டால் உன் ஃபைலில் அந்தக் கடிதம் கிடக்கும், நீ அஜாக்கிரதைக்காரியாகவே இருப்பாய். என் கணவரிடம் சொன்னேன். அவர், "அந்தப் பொண்ணு நம்ம பாப்பாவ தூக்கினப்பகூட ஒண்ணும் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. தூக்கி வைத்துக்கொண்டு அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினாய், அவ்வளவுதான்.

எழுதினேன். என்ன வாங்க வேண்டும் என்பதற்கு முன், மூன்று வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்று ஒரு பத்தி. நல்ல டிஸ்க்கை எடுத்தது நான் என்று பெயரோடு. அதன் பிறகு வாங்க வேண்டியதை எழுதியபோது பட்டியலே மாறியிருந்தது. ஒன்றுக்குப் பதில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற, ஆறு டிஸ்க் கொண்ட அடுக்கு, ஏனென்றால் ஒன்று தானாகப் போகும், இன்னொன்றை எங்களில் ஒருவர் எடுத்துவிடுவார். எந்த டிஸ்க் என்று சொன்னால் அதன் விளக்கைத் தானே சிமிட்டிக் காட்டும் பெட்டி. தொழிற்சாலையிலேயே அச்சிட்ட எண்கள். சாலைக்கு அந்தப் பக்கம் டூல் ரூம் கட்டிடத்தில் தனியாக ஒரு நகல், மாதம் ஒருமுறை அதிலிருந்து நிஜமாகவே எடுத்துப் பார்ப்பது. ட்ரேயைத் தொடும்போது இரண்டு பேர் நிற்க வேண்டும், ஒருவர் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேறு வேறு லாட் என்பதையும் கேட்டிருந்தேன், ஆனால் எங்களிடம் இதற்கு ஆதாரம் இல்லை, முன்ஜாக்கிரதை மட்டுமே என்று பக்கத்திலேயே எழுதினேன். அதைப் படித்த ஹரீஷ், "இவ்ளோ உண்மையா கேட்டா குடுக்காம எப்படி மேடம்" என்று லாட் மாற்றிக் கொடுத்தார். கொடுத்த ஆறு டிஸ்க்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அளவுக்கு இன்னும் மாறிவிடவில்லை.

முனிராஜ் சார் என் பெயர் இருந்த அந்த முதல் பத்தியில் விரலை வைத்தார்.

"இது எதுக்கும்மா? பழைய கதை. எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது சார். அவளுக்குக் குடுத்த லெட்டர் இதனாலதான் வந்துச்சு."

"அந்தப் பொண்ணே இல்லையேம்மா."

"ஃபைல் இருக்குதே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்குத்தான் கெட்ட பேரு. யோசிச்சுக்கோங்க" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். என் தாளின் ஒரு நகலை உன் ஃபைலில் உன் கடிதத்துக்கு மேல் வைத்துக் கோத்ததை நானே நின்று பார்த்தேன். கோத்துவிட்டோம் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். அந்த வாரத்திலிருந்து சர்வர் அறைச் சாவி என்னிடம் இல்லை, அவர் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கோவிந்தண்ணனிடம் இனி சந்தனம் வெளிக் கதவோடு சரி என்றேன். "சாமிக்கு டோர் போதுமாம்மா?" என்று முறைத்தார். உள்ளே தொட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "உங்க மேல தப்பு இல்லண்ணா, எடுத்தது நான்" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலில் ஓடிவந்து, தடுக்கி விழுந்தாள். முட்டியில் லேசான சிராய்ப்பு. வீறிட்டாள். நம் வீடுகளில் என்ன செய்வோம்? தரையை அடிப்போம். என் பாப்பாவ எதுக்குத் தள்ளின என்று ஓங்கி இரண்டு அடி. என் கை பழக்கத்தில் ஓங்கிவிட்டது. அப்படியே நிறுத்தினேன். மண்டியிட்டு அவள் முகத்தைப் பிடித்து, "தரை ஒண்ணும் பண்ணலம்மா. நீதான் கீழ பாக்காம ஓடின" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். வலியைவிடப் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது போல. பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதாள். தன் பக்கம் யாருமே இல்லாத அழுகை அது.

நான் தரையை அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளங்கை எரியும்வரை அடித்தேன். அவள் விக்கிக்கொண்டே தானும் ஒரு அடி கொடுத்தாள். அழுகை நின்றது.

நீ செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். மகளுக்கு மூன்று வயது, இன்னும் கொஞ்ச நாள் தரையை அடிக்கலாம். நீ எனக்காகத் தரையை அடித்தபோது எனக்கு இருபத்தெட்டு.